மார்க்கு சொல்லாத கதை!

பிள்ளைகளின் படிப்பைப் பத்திரப்படுத்தும் மின்னணுப் பெட்டி

வருஷப் பரீட்சை முடிந்ததும் நம் வீடுகளில் ஒரு வேலை நடக்கும். பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்களை எல்லாம் ஒன்று சேர்த்துச் சணல் கயிற்றால் கட்டுவார்கள். கட்டு, பழைய பேப்பர் கடைக்குப் போகும். கடைக்காரர் தராசில் நிறுத்து, கிலோ கணக்கில் காசு கொடுப்பார். ஒரு வருஷம் முழுவதும் பிள்ளை எழுதியது, தப்புச் செய்தது, அடித்துத் திருத்தியது எல்லாம் அதோடு போய்விடும்.

மிஞ்சுவது என்ன? மார்க்கு மட்டும்தான்!

"கணக்கு: 62" என்று ஒரு எண் இருக்கும். அந்த 62 எப்படி வந்தது? ஜூன் மாதத்தில் 30 வாங்கிய பிள்ளை, முட்டி மோதி 62-க்கு ஏறினானா? அல்லது, 90 வாங்கியவன் சறுக்கி 62-க்கு இறங்கினானா? எந்த இடத்தில் கால் தடுக்கியது? எப்படி எழுந்து நின்றான்? இதையெல்லாம் அந்த எண் சொல்லாது.

சொல்லாத அந்தக் கதையைச் சொல்ல வைக்கும் முறை ஒன்று இருக்கிறது. அதன் பெயர் "இ-போர்ட்ஃபோலியோ". தமிழில் "மின் தொகுப்பு" என்று சொல்லலாம். ஒரு மாணவன் எழுதிய கட்டுரை, போட்ட கணக்கு, வரைந்த படம், பேசிய பேச்சு ஆகியவற்றைக் கம்ப்யூட்டரில் வருஷக்கணக்கில் சேர்த்து வைப்பது இது. ஒவ்வொன்றின் பக்கத்திலும், "இதில் நான் என்ன கற்றேன்?" என்று அவனே எழுதி வைக்க வேண்டும்.

சேர்த்து வைப்பது பாதி வேலை. திரும்பிப் பார்த்து எழுதுவதுதான் மீதிப் பாதி. அந்தப் பாதியில்தான் விஷயமே இருக்கிறது!

ஓவியனின் தோல் பை

"போர்ட்ஃபோலியோ" என்பது இத்தாலிய மொழியில் இருந்து வந்த சொல். "தாள்களைச் சுமப்பது" என்று பொருள். ஓவியர்கள் தங்கள் படங்களை ஒரு பெரிய உறையில் போட்டு எடுத்துக்கொண்டு வேலை கேட்டுப் போவார்கள். "நான் நன்றாக வரைவேன்" என்று வாயால் சொல்ல மாட்டார்கள். உறையைத் திறந்து காட்டுவார்கள். அவ்வளவுதான்!

ஓவியனுக்கு உள்ள இந்த வசதி மாணவனுக்கு ஏன் கூடாது? இந்தக் கேள்வியைச் சில ஆசிரியர்கள் கேட்டார்கள்.

1980-களில், அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஸ்டோனி புரூக் பல்கலைக் கழகத்தில் ஒரு மாறுதல் நடந்தது. பீட்டர் எல்போ, பாட் பெலனாஃப் என்ற இரு ஆசிரியர்கள் அதைச் செய்தார்கள். அதுவரை, ஒரே நாளில் உட்கார்ந்து எழுதும் ஒரு கட்டுரையை வைத்து, மாணவனுக்கு எழுத வருமா, வராதா என்று தீர்ப்புச் சொன்னார்கள். அன்று தலைவலி வந்தால் தொலைந்தது! புதிய முறையில், பருவம் முழுவதும் எழுதித் திருத்திய கட்டுரைகளை மாணவர்கள் ஒன்றாகக் கட்டிக் கொடுத்தார்கள். எப்படி எழுதினோம், எப்படித் திருத்தினோம் என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள்.

அப்போது எல்லாம் காகிதம்தான். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. காகிதக் கட்டு, மின் தொகுப்பாக மாறியது.

தன் பேச்சைத் தானே பார்க்கும் மாணவி

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் மில்வாக்கி என்று ஒரு நகரம். அங்கே ஆல்வெர்னோ கல்லூரி இருக்கிறது. கன்னியாஸ்திரிகள் பெண்களுக்காகத் தொடங்கிய கல்லூரி அது.

1973-ம் ஆண்டில் இந்தக் கல்லூரி துணிச்சலான ஒரு காரியம் செய்தது. ஏ, பி, சி என்று கிரேடு போடும் வழக்கத்தைக் கைவிட்டது! அதற்குப் பதிலாக எட்டுத் திறமைகளைக் குறித்துக்கொண்டது. தெளிவாகப் பேசவும் எழுதவும் தெரிதல், ஆராய்ந்து பார்த்தல், சிக்கலைத் தீர்த்தல், மற்றவர்களோடு சேர்ந்து வேலை செய்தல், நல்ல குடிமகளாக நடத்தல் முதலியவை அவை. ஒவ்வொரு மாணவியும் ஒவ்வொரு திறமையிலும் படிப்படியாக ஏற வேண்டும்.

கல்லூரிக்குள் வந்த புதிதில் மாணவி ஒரு சிறு பேச்சுப் பேசுவாள். அதை வீடியோவில் பதிவு செய்வார்கள். பிறகு அவளையே உட்கார வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். ஆசிரியை தன் கருத்தைச் சொல்வதற்கு முன்னால், "உன் பேச்சைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய்?" என்பதுதான் கேள்வி!

முதல் தடவை தன்னையே பார்க்கும்போது யாருக்கும் கூச்சமாக இருக்கும். "கையை ஏன் இப்படிப் பிசைகிறேன்? ஏன் கூட்டத்தைப் பார்க்காமல் தரையைப் பார்க்கிறேன்?" என்று தோன்றும். ஆனால், ஒன்றிரண்டு வருஷம் கழித்து இன்னொரு பேச்சைப் பதிவு செய்து, பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்? "நீ முன்னேறியிருக்கிறாய்" என்று வேறு யாரும் வந்து சொல்ல வேண்டியதே இல்லை. கண்ணே சொல்லிவிடும்!

இந்தப் பதிவுகளும், எழுத்துகளும், ஆசிரியர்களின் குறிப்புகளும் 1999-ம் ஆண்டில் இணையத்தில் ஏறின. இந்தத் துறையில் முன்னோடிகளில் ஒன்றாக ஆல்வெர்னோவை இன்றும் குறிப்பிடுகிறார்கள்.

பிஸ்கட் ஆலையில் கல்லூரி

அடுத்தது நியூயார்க் நகரம். அங்கே குயின்ஸ் பகுதியில் லகார்டியா சமுதாயக் கல்லூரி இருக்கிறது. 1971-ல் திறந்த கல்லூரி. அதன் கட்டடங்களில் ஒன்று, முன்பு பெரிய பிஸ்கட் தொழிற்சாலையாக இருந்தது!

லகார்டியா என்பது 1934 முதல் 1945 வரை நியூயார்க்கின் மேயராக இருந்தவரின் பெயர். இளம் வயதில் அவர், கப்பலில் வந்து இறங்கும் ஏழைக் குடியேறிகளுக்கு மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தவர். அவர் பெயரைத் தாங்கிய கல்லூரியிலும் குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளே மிகுதி. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்தவர்கள் படிக்கிறார்கள். பலர் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள். குடும்பத்திலேயே கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் என்று சொல்லக்கூடியவர்களும் பலர்.

இப்படிப்பட்ட மாணவருக்குப் பெரிய ஆபத்து, படிப்பைப் பாதியில் விடுவது. வேலை, வாடகை, குழந்தை, தெரியாத மொழி என்று ஒவ்வொன்றும் ஒரு பக்கம் இழுக்கும். "இந்தப் படிப்பு எனக்கு ஒத்து வராது" என்று ஒரு நாள் நின்றுவிடுவார்கள்.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கல்லூரி மின் தொகுப்பைக் கொண்டுவந்தது. "நான் யார்? எங்கிருந்து வந்தேன்? எங்கே போகப் போகிறேன்?" என்று எழுதுவதில் இருந்து தொகுப்புத் தொடங்கும். பிறகு ஒவ்வொரு பாடத்திலும் செய்த வேலை வந்து சேரும். ஆசிரியர் படித்துக் குறிப்பு எழுதுவார். கூடப் படிப்பவர்களும் எழுதுவார்கள். கடலுக்கு அப்பால் இருக்கும் தாய் தந்தைக்கும் அதை அனுப்பிக் காட்டலாம்.

பலன் கிடைத்ததா? இந்த முறையில் படித்தவர்களில், அடுத்த பருவத்துக்குத் திரும்பி வந்தவர்களும் தேர்ச்சி பெற்றவர்களும் கூடுதலாக இருந்தார்கள் என்று கல்லூரியே கணக்கு வெளியிட்டது. அது கல்லூரி தானே எடுத்த கணக்கு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அக்கறையுள்ள ஆசிரியர்களும் அங்கே இருந்தார்கள். எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல.

2016-ல், அமெரிக்கக் கல்லூரிகள், பல்கலைக் கழகங்களின் சங்கம், மாணவர்களுக்கு மிகுந்த பலன் தரும் பயிற்சி முறைகளின் பட்டியலில் மின் தொகுப்பைப் பதினோராவதாகச் சேர்த்தது.

"நன்றாக இருந்தது" என்றால் போதாது!

மின் தொகுப்பு வைத்துவிட்டால் படிப்பு தானாக வந்துவிடுமா? வராது! பரணில் சாமான் அடுக்குவது போல அடுக்கிக்கொண்டே போனால், அது பரணாகத்தான் இருக்கும்.

திரும்பிப் பார்த்து எழுதுவது எப்படி? இரண்டு மாணவர்கள் ஒரே கணக்கைத் தப்பாகப் போட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் மாணவன் எழுதுகிறான்: "இந்தப் பாடம் நன்றாக இருந்தது. நிறையக் கற்றுக்கொண்டேன். இனி நன்றாகப் படிப்பேன்."

இரண்டாம் மாணவன் எழுதுகிறான்: "எனக்கு வகுத்தல் தெரியும். ஆனால் கேள்வியில் நேரம் நிமிடத்தில் இருந்தது. நான் மணி என்று நினைத்துவிட்டேன். போன வாரமும் இதே தப்பு. இனிமேல் கணக்குப் போடும் முன்பு மணியா, நிமிடமா என்று அடிக்கோடு போடுவேன்."

முதலாவது, ஆசிரியரைச் சந்தோஷப்படுத்த எழுதியது. இரண்டாவது, தனக்காக எழுதியது. அடுத்த கணக்கில் யார் தப்பிப்பான் என்று சொல்லவும் வேண்டுமா?

ஜான் டூயி என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர், மனிதன் எப்படிச் சிந்திக்கிறான் என்பது பற்றி 1910-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். ஒரு சிக்கலில் மாட்டும்போதுதான் மனிதன் உண்மையாகச் சிந்திக்கத் தொடங்குகிறான் என்பது அவர் கருத்து. நின்று, கவனித்து, ஊகித்து, சோதித்துப் பார்க்கிறான். அந்த நேரத்தைப் பிள்ளைக்குக் கொடுக்காமல், அடுத்த பாடம், அடுத்த பாடம் என்று ஓடினால் பலன் குறைவுதான்.

நியூசிலாந்தில் 2006-ல் உருவாகத் தொடங்கிய ஒரு மின் தொகுப்பு மென்பொருளுக்கு "மகாரா" என்று பெயர். அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் சொல் அது. அதற்குப் பொருள், "சிந்தனை"! பொருத்தமான பெயர்தான்.

வெர்மான்ட் கற்ற பாடம்

டூயி பிறந்தது வெர்மான்ட் என்ற சிறிய மாநிலத்தில். அதே வெர்மான்ட், 1990-களின் தொடக்கத்தில் ஒரு பெரிய சோதனையில் இறங்கியது. 4-ம் வகுப்பு, 8-ம் வகுப்புப் பிள்ளைகளின் கணக்குகளையும் எழுத்துகளையும் மாநிலம் முழுவதும் தொகுக்கச் செய்து, அவற்றுக்கு மதிப்பெண் போட்டது. அப்போது அது காகிதத் தொகுப்புதான்.

1992-ல் ராண்ட் என்ற ஆராய்ச்சி நிறுவனம் அந்த மதிப்பெண்களைச் சோதித்தது. ஒரே தொகுப்புக்கு ஓர் ஆசிரியர் கொடுத்த மதிப்பெண்ணும், இன்னொருவர் கொடுத்த மதிப்பெண்ணும் போதிய அளவுக்கு ஒத்துப் போகவில்லை! பள்ளிக்குப் பள்ளி ஒப்பிட அந்த எண்களை நம்ப முடியவில்லை.

ஆனால், அதே ஆராய்ச்சியில் இன்னொன்றும் தெரிந்தது. தொகுப்பு வந்த பிறகு வகுப்பில் யோசித்துச் செய்யும் கணக்குகளுக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குவதாக ஆசிரியர்கள் சொன்னார்கள். வேலைச் சுமை கூடியது. ஆனாலும் சுமப்பதற்குத் தகுந்த சுமைதான் என்று பலர் கருதினார்கள்.

இதில் இருந்து தெரிவது என்ன? தொகுப்பு ஒரு கண்ணாடி, தராசு அல்ல. கண்ணாடியில் முகம் பார்க்கலாம். அரிசி நிறுக்க முடியாது!

இன்னும் சில எச்சரிக்கைகளும் உண்டு. பிள்ளை மனம் விட்டு எழுதியதை யார் யார் பார்க்கலாம் என்பதற்குக் கட்டுப்பாடு வேண்டும். ஐம்பது பேர் உள்ள வகுப்பில் ஒரே ஆசிரியர் எல்லாவற்றையும் படிக்க முடியாது. அவருக்கு நேரம் கொடுக்க வேண்டும். யாரும் படிக்காத தொகுப்பு, பதில் வராத கடிதம் மாதிரி. பிள்ளைக்குச் சலித்துவிடும்.

நம் நாட்டு டாக்டர்கள்

இந்த எண்ணம் நம் நாட்டுக்கும் வந்துவிட்டது. 2019-ல் இந்திய மருத்துவ கவுன்சில் எம்.பி.பி.எஸ். படிப்புக்குப் புதிய பாடத்திட்டம் கொண்டுவந்தது. மாணவர்கள் தாங்கள் செய்து பழகியதைப் பதிவேட்டில் குறித்து வர வேண்டும். நோயாளியிடம் எப்படிப் பேசுவது, எப்படி நடந்துகொள்வது என்பதற்கும் தனிப்பாடம் உண்டு. அந்த அனுபவங்களைப் பற்றி மாணவர்கள் தாங்களே சிந்தித்து எழுதுவதும் அதில் சேரும். ஏட்டில் எழுதினாலும், கம்ப்யூட்டரில் எழுதினாலும் தத்துவம் ஒன்றுதான்.

ஒரு நோயாளி தன் கஷ்டத்தைச் சொல்லி அழுதபோது, "நான் ஏன் கடிகாரத்தைப் பார்த்தேன்?" என்று தன்னையே கேட்டுக்கொள்ளும் மாணவர், நல்ல டாக்டராக வருவார் என்று நம்பலாம் அல்லவா?

வீட்டிலேயே தொடங்கலாம்

இதற்குப் பெரிய கல்லூரி வேண்டும் என்பதில்லை. கம்ப்யூட்டர்கூட வேண்டாம். வீட்டில் கேமரா உள்ள ஒரு செல்போன் இருந்தால் போதும்.

மாதம் ஒரு முறை, பிள்ளை செய்த வேலையில் இரண்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஒன்று நன்றாக வந்தது. மற்றொன்று சரியாக வராதது. தேர்வு பிள்ளையுடையதாக இருக்கட்டும். இரண்டையும் படம் பிடித்துத் தேதியோடு வையுங்கள். செல்போன் பழுதானால் எல்லாம் போய்விடும். அதனால் இன்னோர் இடத்திலும் ஒரு பிரதி இருக்கட்டும்.

பிறகு மூன்றே கேள்விகள் கேளுங்கள்:

"இதில் எது உனக்குக் கஷ்டமாக இருந்தது?"

"அதை எப்படிச் சமாளித்தாய்?"

"மறுபடி செய்தால் எதை மாற்றுவாய்?"

பிள்ளை சொல்லும் பதிலை அதுவே இரண்டு வரி எழுதட்டும். எழுதத் தெரியாத சின்னக் குழந்தையானால், பேசச் சொல்லிப் பதிவு செய்யலாம். பதிலைக் கேட்டுத் திட்டக் கூடாது. திட்டினால் அடுத்த மாதம் பிள்ளை உண்மையைச் சொல்லாது!

"நான் அதிகம் படிக்கவில்லையே, பிள்ளையின் பாடம் எனக்கு எப்படிப் புரியும்?" என்று சில தாய்மார்கள் தயங்கலாம். தயக்கமே வேண்டாம். இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. விடை பிள்ளையிடம்தான் இருக்கிறது. "எனக்கும் புரிகிற மாதிரி சொல்லு, கண்ணு" என்று கேட்டால் போதும். அம்மாவுக்கு விளங்கும்படி சொல்ல முயலும்போதுதான் பிள்ளைக்கே பாடம் விளங்கும்!

மார்க்கு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. உத்தியோகத்துக்கும் மேல் படிப்புக்கும் அது வேண்டும். ஆனால், மார்க்குத் தாளைப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் ஒதுக்கினால், பிள்ளை செய்த வேலையைப் பார்ப்பதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். தான் ஏறி வந்த படிகளைத் தானே எண்ணிப் பார்த்த பிள்ளை, அடுத்த படியைக் கண்டு பயப்படாது.