வாந்திபேதியின் நஞ்சைக் கண்ட வங்க அறிஞர்

வாந்திபேதி எனப்படும் காலராவின் கொடுமையை நம் முன்னோர் நன்கறிவர். காலையில் நலமுடன் இருந்தவன் மாலைக்குள் மாண்டுபோவதுண்டு. நோய் கடுமையானால் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் நீர்கூட உடலைவிட்டு வெளியேறிவிடும். இத்துணை நீரையும் குடலுக்குள் இறைப்பது எது? இவ்வினாவுக்கு விடை காண எழுபத்தைந்து ஆண்டுகள் ஆயின.

ஜெர்மானிய அறிஞர் இராபர்ட் கோக் 1883-ஆம் ஆண்டில் எகிப்திலும், 1884-ஆம் ஆண்டில் கல்கத்தாவிலும் ஆராய்ந்து, காற்புள்ளிபோல் வளைந்த ஒரு நுண்ணுயிரே இந்நோய்க்குக் காரணம் என நிறுவினார். அஃது ஒரு நஞ்சைச் சுரக்கலாம் என்றும் கருதினார். பின்வந்தோர் அந்நஞ்சைத் தேடினர். கிருமியை விலங்குகளின் தோலுக்கடியிலும் குருதியிலும் செலுத்திப் பார்த்தனர். விலங்குகள் நோயுற்றனவேயன்றி, வாந்திபேதிக்குரிய நீர்ப்போக்கு தோன்றவில்லை. ஆகவே, கிருமி மடிந்து சிதையும்போதுதான் அதன் உடலிலிருந்து நஞ்சு வெளிப்படுகிறது எனப் பலரும் எண்ணலாயினர்.

கல்கத்தாவில் நோயியல் பேராசிரியராக விளங்கிய சம்பு நாத் தே வேறு வழியில் சிந்தித்தார். நோய் தோன்றுமிடம் குடல். சோதனையும் குடலில்தானே நிகழ வேண்டும்? முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் நூலால் கட்டி, அதனுள் கிருமிகளைச் செலுத்தினார். அப்பகுதி நீர் நிரம்பிப் பருத்தது. கிருமி செலுத்தாத பகுதி பருக்கவில்லை. இம்முறையை 1953-இல் வெளியிட்டார்.

அடுத்து, கிருமிகளை வளர்த்த நீரை வடிகட்டி, கிருமி ஒன்றுமில்லாத தெளிநீரை மட்டும் குடலுள் செலுத்தினார். அப்போதும் குடல் பருத்தது! உயிருள்ள கிருமி இன்றியே நோயின் செயல் நடந்ததன்றோ? கிருமி தன் உடலுக்கு வெளியே விடும் நஞ்சே காரணம் என்பது இதனால் தெளிவாயிற்று. 1959-இல் ‘நேச்சர்’ இதழில் இம்முடிவு வெளிவந்தது.

அந்நஞ்சு குடற்சுவரைக் கிழிப்பதில்லை. சுவரின் உயிரணுக்களுள் புகுந்து, உப்பைக் குடலுக்குள் ஓயாது சுரக்கச் செய்கிறது. உப்பைத் தொடர்ந்து நீரும் செல்கிறது. ஆயினும், சர்க்கரையோடு சேர்ந்த உப்பைக் குடல் உறிஞ்சும் ஆற்றல் அழிவதில்லை. உப்பும் சர்க்கரையும் அளவாகக் கலந்த நீர் நோயாளியைக் காப்பது இதனால்தான். 1971-இல் வங்க அகதிகள் முகாமில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ் இந்நீரைக் கொடுத்து எண்ணற்றோரைக் காத்தார். இன்று உரிய வேளையில் மருத்துவம் பெறுவோருள் நூற்றுக்கு ஒருவர்கூட இறப்பதில்லை.

1978-இல் நோபல் நிறுவனம் தம் கருத்தரங்குக்குத் தே அவர்களை அழைத்தது. ஆயினும் பெரும்பரிசு எதுவும் அவரை நாடவில்லை, 1985-இல் மறைந்தார்.

அவர் கையாண்ட கருவிகள் யாவை? ஒரு முயல், சிறிது நூல், ஒரு வடிகட்டி. பொருட்செல்வம் குறைந்த ஆய்வுக்கூடத்திலும் சரியான வினாவை எழுப்புவோர்க்கு இயற்கை விடை தரும். மாணவர்க்கு அறிவியல் புகட்டும் ஆசிரியப் பெருமக்கள் இவர் வரலாற்றையும் எடுத்துரைத்தல் நலம்.