காற்றுக்கு ஒரு கல்விச்சாலை

மதுரையிலிருந்து திருநெல்வேலி செல்லும் சாலையில் கயத்தாறு என்று ஓர் ஊர் இருக்கிறது. 1799-ம் வருஷம் அக்டோபர் 16-ந் தேதி, வீரபாண்டிய கட்டபொம்மனை அந்நியர் தூக்கிலிட்ட இடம் அது. அந்தப் பெயரைக் கேட்டதும் தமிழர் நெஞ்சம் கனல்வது இயல்பே. ஆனால் அதே கயத்தாற்றில் வேறொரு தேசத்தார் பிற்காலத்தில் நமக்கு ஒரு வித்தையைக் கற்றுக் கொடுக்க முன்வந்தனர் என்பதை நம்மில் பலர் அறியார். அந்த வித்தை காற்றிலிருந்து மின்சாரம் எடுப்பது. அதன் வரலாறு ஒரு பாடசாலையில் தொடங்குகிறது.

ஐரோப்பாவின் வடபாகத்தில் உள்ள டென்மார்க் ஒரு சிறிய தேசம். உயர்ந்த மலைகள் இல்லை. பெரிய நதிகள் இல்லை. காற்றுக்கு மட்டும் குறைவில்லை. அங்கே அஸ்கோவ் என்னும் கிராமத்தில், குடியானவர் வீட்டுப் பிள்ளைகள் பயிலும் கல்விச்சாலையில் போல் லா கூர் என்பவர் உபாத்தியாயராக இருந்தார். 1891-ம் வருஷத்தில் அவர் ஒரு காற்றாலையை அமைத்து, அதனால் மின்சாரம் உண்டாக்கினார். காற்று நின்ற வேளையில் என் செய்வது? அந்த மின்சாரத்தைக் கொண்டு நீரைப் பிரித்து, ஹைட்ரஜன் வாயுவைச் சேர்த்து வைத்து, அதனால் பாடசாலைக்கு விளக்கேற்றினார். சில சமயம் வாயு வெடித்து ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கியதும் உண்டு. அவர் அதற்காக முயற்சியைக் கைவிட்டாரில்லை.

மின்சாரம் நகரத்தாருக்கு மட்டுமே கிட்டுமானால் கிராமங்கள் வெறிச்சோடிப் போகும் என்பதே அவருடைய கவலை. ஆகவே 1904-ம் வருஷம் முதல் கிராமத்து இளைஞர்களைச் சேர்த்து மின்சார வேலை பழக்கினார். அம்மாணவர்களில் ஒருவர் யோஹான்னஸ் யூல். ஐம்பது வருஷங்களுக்குப் பிறகு, 1957-ல், அவர் கெட்ஸர் என்ற இடத்தில் மூன்று இறக்கைகளுடன் 200 கிலோவாட் சக்தியுள்ள காற்றாலையை நிறுவினார். அது 1967 வரை ஓடியது. 1973-ல் எண்ணெய் விலை ஏறி உலகம் தத்தளித்தபோது, ஓய்ந்து நின்ற அந்த ஆலையின் அருமை புலப்பட்டது. அமெரிக்காவின் நாஸா நிறுவனம் கேட்டுக் கொண்டதன்பேரில் அதைச் செப்பனிட்டு மீண்டும் ஓட்டி அளவுகள் எடுத்தார்கள். இன்று நாம் காணும் மூன்று இறக்கைக் காற்றாலைகளுக்கு அது ஒரு மூதாதை எனலாம்.

அந்த வித்தைதான் கயத்தாற்றுக்கு வந்தது. டென்மார்க் அரசாங்கத்தின் பொருளுதவியோடும், அத்தேசத்து ரீசோ ஆராய்ச்சிச் சாலையின் துணையோடும் அங்கே ஒரு பரிசோதனை நிலையம் ஏற்பட்டது. புதிய காற்றாலை எவ்வளவு காற்றில் எவ்வளவு மின்சாரம் தருகிறது, இறக்கைகள் எத்தனை பளுவைத் தாங்குகின்றன, புயல் வேகத்தில் தானே நின்றுவிடுகிறதா என்றெல்லாம் அங்கே ஆராய்கிறார்கள். சென்னையை அடுத்த பள்ளிக்கரணையில் 1998-ல் தோன்றி, இப்போது தேசியக் காற்றுச் சக்தி நிறுவனம் என வழங்கும் ஸ்தாபனத்தைச் சேர்ந்தது இந்த நிலையம்.

இனித்தான் கதையின் சிறந்த பகுதி. கற்றுக் கொண்ட நாம் கற்பிக்கவும் தொடங்கினோம். பிற நாட்டாருக்குத் தொழிற்பயிற்சி அளிப்பதற்காக இந்திய அரசாங்கம் 1964-ல் ஒரு திட்டத்தை ஆரம்பித்தது. அதன் கீழ் ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்கா முதலிய கண்டங்களிலிருந்து எஞ்சினீயர்கள் பள்ளிக்கரணைக்கு வந்து காற்றை அளக்கவும், ஆலைக்கு இடம் தேரவும், யந்திரத்தைப் பேணவும் கற்றுச் செல்கிறார்கள். அவர்களுடைய பிரயாணச் செலவையும் தங்குஞ் செலவையும் நம் தேசமே ஏற்கிறது.

நம் வீட்டிலேயே ஆயிரம் குறை இருக்கப் பிறருக்கு எதற்குச் செலவு என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆயினும் நிலக்கரிப் புகைக்கு எல்லைக்கல் தெரியுமா? எந்தத் தேசத்தில் எரித்தாலும் அதிலிருந்து எழும் கரியமில வாயு உலகம் முழுவதையும் சூடேற்றுகிறது. அதன் பலனாகக் கடல் உயர்ந்தால் நம் கரையும் தப்பாது. ஆகவே அயலான் வீட்டில் புகையில்லா விளக்கு எரிவது நமக்கும் நன்மையே.

இன்னொன்றும் உண்டு. யந்திரத்தை மட்டும் தானமாகக் கொடுத்தால், ஒரு மறை கழன்ற அன்றே அது துருப்பிடிக்கத் தொடங்கும். அதைப் பூட்டத் தெரிந்த கையில்லாவிட்டால் தானம் குப்பையாகும். வித்தையோ கொடுக்கக் கொடுக்க வளர்வது. அஸ்கோவில் ஓர் உபாத்தியாயர் சில கிராமத்துப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். அது கயத்தாறு வரை வந்து, அங்கிருந்து கடல் கடந்தும் போகிறது. இருபது வருஷமாகச் சுண்ணாம்புக் கட்டி பிடித்த எனக்கு இதைவிட ஆறுதலான செய்தி வேறில்லை.

ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பிரயாணம் செய்வோர், சுழலும் ஆலைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டி மகிழ்கிறார்கள். காட்டினால் மட்டும் போதாது. அது எப்படிச் சுழல்கிறது, கீழே இறங்கும் கம்பியில் என்ன ஓடுகிறது என்று பிள்ளை கேட்கும்போது, விடை சொல்லவும் நாம் தயாராக இருக்கவேண்டும். உலகத்துக்குப் பாடம் சொல்லும் வீட்டில், சொந்தப் பிள்ளைகள் பாடம் அறியாதிருப்பது அழகாகாது.