பாளையக்காரர்

‘பாளையம்’ என்பதற்குப் படை இறங்கித் தங்கும் இடம் என்பதே பழம்பொருள். பிற்காலத்தில், அந்தப் படையைப் பேணுவதற்கென்று ஒரு தலைவருக்கு விடப்பட்ட ஊர்களின் தொகுதியும் பாளையம் எனப்பட்டது. அதை வைத்திருந்தவர் பாளையக்காரர். தெலுங்கில் பாளெகாடு, கன்னடத்தில் பாளேகார. கிழக்கிந்தியக் கம்பெனியாரின் நாவில் இது ‘பாலிகர்’ ஆயிற்று. அரசன், மன்னன் போன்ற சொற்களில் இருக்கும் முடியும் குலமும் இதில் இல்லை. ஏற்றுக்கொண்ட பொறுப்பைச் சொல்லும் பெயர் இது.

மதுரையில் விசுவநாத நாயக்கர் ஆண்டபோது (1529–1564), அவருடைய தளவாய் அரியநாத முதலியார் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்து, மதுரைக் கோட்டையின் 72 கொத்தளங்களையும் ஆளுக்கொன்றாக ஒப்படைத்தார் என்பது வழிவழிச் செய்தி. வருமானத்தில் ஒரு பங்கு நாயக்கருக்குக் கப்பம், ஒரு பங்கு படைச் செலவு, ஒரு பங்கு பாளையக்காரருக்கு என்பதும் அந்த மரபோடு சேர்ந்ததே. 72 என்பதை அப்படியே கணக்காகக் கொள்ள வேண்டியதில்லை. கிடைக்கும் பட்டியல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. காகதீய பிரதாபருத்திரன் வாரங்கல் கோட்டையின் 77 கொத்தளங்களை 77 நாயக்கர்களிடம் விட்ட கதை தெலுங்கிலும் உண்டு. தவிரவும், மறவர் தலைவர்கள் பலர் நாயக்கர் வருமுன்பே தத்தம் ஊர்களில் வேரூன்றியவர்கள். அவர்களுக்குப் புதிதாக வந்தது நிலம் அன்று, பெயர்தான்.

திருநெல்வேலிச் சீமையில் இந்தப் பெயர் பரவிய இடங்கள் கவனிக்கத்தக்கவை. கிழக்கே கரிசல் காட்டில் பாஞ்சாலங்குறிச்சி, எட்டயபுரம், நாகலாபுரம் முதலியவை. இங்கே பெரும்பாலோர் தெலுங்கு பேசிய நாயக்கர்கள். மேற்கே மலையடிவாரத்தை ஒட்டி நெற்கட்டும்செவல், ஊத்துமலை, சொக்கம்பட்டி, சிங்கம்பட்டி முதலிய மறவர் பாளையங்கள். நடுவே தாமிரபரணிப் பாசனத்தில் முப்போகமும் இருபோகமும் விளைந்த நஞ்சை ஊர்களில் பெரும்பகுதி பாளையத்துக்குள் அடங்கவில்லை. அவை கோயில்களிடமும் பிராமண, வேளாள நிலக்கிழார்களிடமும் இருந்தன. மானாவாரி நிலத்தவருக்கு அந்த நெல்லில் பங்கு கிடைக்க ஒரே வழி காவல்.

தன் பாளையத்துக்கு வெளியே உள்ள ஊர்களையும் கள்வரிடமிருந்து காப்பதாகப் பாளையக்காரர் பொறுப்பேற்று அதற்கு வரி பெறுவது தேசகாவல். களவு போனால் பொருளை மீட்டுத் தரவோ ஈடுகட்டவோ வேண்டும் என்பது அதன் விதி. காவல் வரியைக் கொடுக்காத ஊரில் களவு நடப்பதும் வழக்கமாயிருந்தது. காவலுக்கும் கொள்ளைக்கும் நடுவிலிருந்த கோடு அவ்வளவு மெல்லியது. கம்பெனியார் ‘பாலிகர்’ என்பதைக் கொள்ளைக்காரர் என்ற தொனியில் எழுதியதற்கு இது ஒரு சாக்காயிற்று. உண்மையான காரணம் வரிதான். ஆற்காட்டு நவாபின் பேரால் கப்பம் தண்ட 1755-இல் கர்னல் ஹெரானும் யூசுப்கானும் இந்தச் சீமைக்கு வந்தார்கள். நெற்கட்டும்செவல் பூலித்தேவர் கொடுக்க மறுத்தார். ஒரே ஊரில் நவாபும் கம்பெனியும் பாளையக்காரரும் ஆளுக்கொரு வரி கேட்ட காலம் அது.

கம்பெனியை எதிர்த்த பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மன் 1799 அக்டோபரில் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801 பிப்ரவரியில் அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிப் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மீண்டும் எழுப்பினார். மே மாதம் அது விழுந்தது. அவர் சிறையிருந்த பாளையங்கோட்டை, கம்பெனிப் படையின் தளம். பாளையம் என்ற சொல் அங்கே தன் பழம்பொருளுக்கே திரும்பியிருந்தது.

1801 ஜூலை உடன்படிக்கையால் ஆற்காட்டு நவாபின் கர்நாடக ஆட்சி நேரடியாகக் கம்பெனி கைக்கு வந்தது. கோட்டைகள் இடிக்கப்பட்டன, ஆயுதங்கள் பறிக்கப்பட்டன, காவல் உரிமையும் போயிற்று. 1803-இல் நிலையான பேஷ்குஷ் (ஆண்டுக் கப்பம்) விதிக்கப்பட்டு, எஞ்சிய பாளையக்காரர்கள் ஜமீன்தார்கள் ஆனார்கள். கம்பெனிக்குத் துணைநின்ற எட்டயபுரத்துக்குப் பாஞ்சாலங்குறிச்சி நிலத்தில் பங்கு கிடைத்தது. ஊராரோ வெகுகாலம் பழைய பெயரையும் ‘மகாராஜா’வையும் கலந்தே வழங்கிவந்தார்கள்.

ஜமீன்களை 1948-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. அதற்கு முன்பே, 1929-இல், சிங்கம்பட்டி ஜமீன் தன் மலைக்காட்டில் 8,000 ஏக்கருக்கு மேல் பம்பாய் பர்மா வர்த்தகக் கழகத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டிருந்தது. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்கள் அந்தக் குத்தகையில் எழுந்தவை.

(தொடரும்)