உங்களுக்குத் தெரியுமா? நள்ளிரவு 12 மணி மக்கள்தொகை

புதுச்சேரிப் பகுதி ஒரே நிலப்பரப்பு அல்ல. தமிழ்நாட்டு ஊர்களுக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடக்கிறது. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் (பிரெஞ்சு ஆட்சி விட்டுப்போன பெயர்) ஓரத்து ஊர்க்காரர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் புதுச்சேரிக் கணக்கில் வருவார். கொஞ்சம் தள்ளி இருப்பவர் தமிழ்நாட்டுக் கணக்கில்.

கணக்கெடுப்புக்கு நில எல்லை மட்டுமல்ல, நேர எல்லையும் உண்டு. 2011 கணக்கெடுப்புக்கு அது மார்ச் 1 பிறந்த நள்ளிரவு 12 மணி. அதற்கு ஐந்து நிமிடம் முன்பு பிறந்த குழந்தை மக்கள்தொகையில் சேரும். ஐந்து நிமிடம் பிந்திப் பிறந்தது சேராது, பாவம்! வீடற்றவர்களை பிப்ரவரி 28 இரவில் தேடிப்போய் எண்ணினார்கள்.

அந்தக் கணக்கெடுப்பின்படி காரைக்கால், மாஹே, ஏனாம் உட்பட புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் மொத்த மக்கள்தொகை 12,47,953. ஆயிரம் ஆண்களுக்கு 1,037 பெண்கள். இதில் கேரளத்துக்கு அடுத்த இடம் புதுச்சேரிக்கே.