இரு பக்கமும் பிழைக்கும் வெட்டு

மரத்தை அறுக்கும் எந்தக் கருவியும் கொஞ்சம் மரத்தைத் தின்றுவிட்டுத்தான் வழிவிடும். பட்டறையின் வட்ட ரம்பம் ஒருமுறை ஓடினால் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் அகலத்துக்கு மரம் தூளாகிக் கொட்டும். கதவு நிலையோ கட்டில் சட்டமோ செய்யும் தச்சர் இதைச் சேதாரக் கணக்கில் எழுதிவிட்டு வேலையைப் பார்ப்பார். அவருக்கு வேண்டியது ஒரு துண்டு, மற்றது கழிவு. ஆனால் ஒரே வெட்டில் பிரியும் இரண்டு துண்டுகளும் வேண்டும், அவை மறுபடியும் ஒன்றோடொன்று பொருந்தவும் வேண்டும் என்றால், அந்த 3 மில்லிமீட்டர் பெரிய பள்ளமாகத் தெரியும். ஸ்க்ரோல் சா என்ற சிறு இயந்திரம் இந்த இடத்தில்தான் மற்ற ரம்பங்களிலிருந்து விலகி நிற்கிறது. அதில் பரவலாகப் புழங்கும் 5ஆம் எண் பிளேடின் கனம் ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர். வீட்டு மூலையில் வைத்துப் பொம்மையும் பெயர்ப்பலகையும் செய்துபார்க்கும் விளையாட்டுக் கருவி என்று இதை ஒதுக்குபவர்கள் உண்டு. அந்தப் பார்வை போதாது என்று நினைக்கிறேன். மரத்தை இவ்வளவு குறைவாகத் தின்பதுதான் இதன் தனிக்குணம். இதன் அழகும் தொல்லையும் அந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன.

தோற்றத்தில் இது தையல் இயந்திரத்தின் தூரத்து உறவு. இரும்பு மேசைத்தட்டு, அதன் நடுவில் சிறு துளை, துளை வழியே மேலும் கீழும் ஓடும் பிளேடு. ஊசி ஓரிடத்தில் இறங்கி ஏற, துணியைக் கை நகர்த்துவதுபோல இங்கே பலகையை இரு கைகளும் திருப்புகின்றன. கடைகளில் ஜிக் சா என்று விற்கும் கைக்கருவி வேறு. அதில் பலகை அசையாமல் கிடக்கும், கருவி நகரும். ஸ்க்ரோல் சா பிளேடின் நீளம் சுமார் 13 சென்டிமீட்டர். 5ஆம் எண்ணில் பல்லிலிருந்து முதுகுவரை உள்ள அகலம்கூட 1 மில்லிமீட்டர்தான். அதனால் வளைவில் முதுகு இடிக்காது. பலகையை நின்ற இடத்திலேயே சுழற்றிக் கூர்மூலையையும் வெட்டலாம். பூவேலையின் உட்கண்களை வெட்ட, முதலில் நுண்ணிய துளையிட்டு, பிளேடின் ஒரு முனையைக் கழற்றித் துளையில் கோத்து, மீண்டும் பூட்டவேண்டும். இவ்வளவு மெல்லிய தகடு தானாக நிமிர்ந்து நிற்காது. வீணைத் தந்தியைப்போல முறுக்கேற்றிக் கட்டவேண்டும். பழைய இயந்திரங்கள் பலவற்றில் பிளேடைக் கீழே ஒரு தண்டு இழுக்கும், மேலே ஒரு சுருள்வில் திரும்பத் தூக்கும். வில் நீள்வதும் சுருங்குவதுமாக இழுவிசை மாறிக்கொண்டே இருக்கும். மேல்கரமும் கீழ்கரமும் சேர்ந்தே ஏறி இறங்கும் அமைப்பு வந்த பிறகு இந்த ஏற்ற இறக்கம் அடங்கிற்று. நிமிடத்துக்கு 400 முதல் 1,750 வீச்சுவரை வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியும் பல இயந்திரங்களில் இப்போது உண்டு.

மெல்லிய வெட்டின் மதிப்பு மின்சாரத்துக்கு முன்பே தெரிந்ததுதான். 1672இல் பிரெஞ்சு அரசரின் ஆதரவில் லூவர் அரண்மனைக்குள் பட்டறை பெற்ற ஆந்த்ரே-ஷார்ல் பூல், ஆமையோட்டுத் தகட்டையும் பித்தளைத் தகட்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து மெல்லிய கைரம்பத்தால் ஒரே கோட்டில் அறுக்கும் முறையைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோனார். இந்த முறை அவருக்கு முன்பே இருந்தது. அறுத்தபின் ஆமையோட்டுப் பரப்பில் பித்தளைப் பூக்கள் அமரும். மிஞ்சிய பித்தளைப் பரப்பில் ஆமையோட்டுப் பூக்கள் அமரும். ஒரே உழைப்பில் நிறம் மாறிய இரட்டை அலமாரிகள் பிறந்தன. கழிவு என்று எதையும் ஒதுக்கவேண்டியிருக்கவில்லை. லண்டனில் வரைபடங்கள் செதுக்கி அச்சிட்ட ஜான் ஸ்பில்ஸ்பரி 1760களில் செய்ததும் இதே தர்க்கம்தான். மகோகனிப் பலகையில் வரைபடத்தை ஒட்டி, நாட்டெல்லைகளின் வழியே அறுத்து, குழந்தைகள் புவியியல் படிக்கக் கொடுத்தார். எல்லைக்கோட்டின் இரு பக்கமும் நாடுகள்தானே. தடித்த ரம்பம் ஓடியிருந்தால் சிறு நாடுகள் காணாமலே போயிருக்கும். ஜிக்சா புதிர்களின் வரலாறு அங்கிருந்து தொடங்குகிறது.

பூல் காலத்து நேர்வெட்டில் ஒரு குறை உண்டு. ரம்பம் தின்ற மயிரிழை இடைவெளி பூவைச் சுற்றி எஞ்சிநிற்கும். அதைப் பசையால் நிரப்பவேண்டும். ஸ்க்ரோல் சாவின் மேசைத்தட்டைச் சாய்க்க முடியும் என்பதால் இந்த இடைவெளியையே இல்லாமல் ஆக்கலாம். இந்தக் கைவேலையின் மிக அழகிய பகுதி இதுவே. தட்டைச் சாய்த்து வட்டமாக வெட்டினால், உள்துண்டு மேலே அகன்று கீழே குறுகிய தக்கைபோல் ஆகிறது. அதைக் கீழ்நோக்கி அழுத்தினால், இறங்க இறங்க இடைவெளி குறுகி ஓரிடத்தில் இறுகி நின்றுவிடும். எவ்வளவு இறங்கும் என்பதற்குப் பள்ளிக்கூடக் கோணவியல் போதும்: வெட்டின் அகலத்தைச் சாய்வுக் கோணத்தின் சைன் மதிப்பால் வகுக்கவேண்டும். வெட்டு அரை மில்லிமீட்டர், சாய்வு 5 பாகை என்றால் துண்டு 5.7 மில்லிமீட்டர் இறங்கும். இப்போது தலா 6 மில்லிமீட்டர் கனமுள்ள கருமரத்தையும் வெண்மரத்தையும் அடுக்கி, 5 பாகைக்குச் சற்றுக் குறைவாகச் சாய்த்து ஒரு மீன் வடிவை வெட்டினால், மேல்பலகையின் மீன் சரியாக 6 மில்லிமீட்டர் இறங்கிக் கீழ்ப்பலகையின் துளையில் போய் அமர்ந்துகொள்ளும். சுற்றிலும் கோடுகூடத் தெரியாது. கனம் 3 மில்லிமீட்டர் என்றால் ஏறத்தாழ 9.6 பாகை வேண்டும். ஒரு நிபந்தனை: வடிவம் எப்போதும் பிளேடின் ஒரே பக்கத்தில் இருக்கும்படி பலகையைத் திருப்பவேண்டும். திசை மாறினால் சாய்வும் தலைகீழாகும், தக்கை இறங்காது. தட்டையான ஒரே பலகையில் இதே சாய்வோடு சுருளாக வெட்டிக்கொண்டே போனால், நடுவைத் தள்ளும்போது ஒவ்வொரு சுற்றும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி இறுகி, பலகை கூடையாகிவிடும்.

தொல்லைகளும் இதே மெலிவிலிருந்து வருகின்றன. முறுக்கு போதாவிட்டால் வெட்டு நடுவில் தொப்பை போடும். மேலே சரியாக வந்த வளைவு அடியில் வேறாக இருக்கும். அவசரமாகத் தள்ளினால் பிளேடு அறுந்துவிடும். பற்களை வெட்டி எடுக்கும்போது பிளேடின் ஒரு பக்கத்தில் எஞ்சும் பிசிறு அந்தப் பக்கம் கூடுதலாகக் கடிப்பதால், நேர்கோடு மெல்ல ஒதுங்கும். பலகையைச் சற்றுக் கோணலாகப் பிடித்துத் தள்ள கை பழகிக்கொள்ளவேண்டும். 5 சென்டிமீட்டருக்கு மேல் கனமான கட்டையை இதனிடம் கொண்டுபோவதில் பயனில்லை. தேக்கில் உள்ள சிலிக்காவும் பிளைவுட்டின் பசைப்படலமும் பற்களைச் சீக்கிரம் மழுக்கும். வட்ட ரம்பத்தைப்போல இது பலகையைப் பிடுங்கி ஆளின்மேல் எறியாது என்பது உண்மை, ஆனால் அதை நம்பி முகக்கவசத்தை மறந்துவிடக்கூடாது. மிக நுண்ணிய தூள் இதில் பறக்கிறது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் வரிசையில் வைத்திருக்கிறது.

லேசர் வெட்டு இயந்திரம் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. லேசர் தின்னும் அகலம் இதைவிடக் குறைவு, வேகம் பல மடங்கு அதிகம். ஒரே பெயர்ப்பலகை நூறு வேண்டுமென்றால் லேசரிடம் போவதே சரி. ஆனால் லேசர் மரத்தை எரித்து வெட்டுகிறது. ஓரம் கருகும், வெண்மரமும் கருமரமும் சந்திக்கும் இடத்தில் அந்தக் கருப்பு நிற்கும். சிறு பட்டறைகளின் லேசர்க் கதிர் பெரும்பாலும் செங்குத்தாகவே இறங்குகிறது. தக்கைபோல் இறங்கி இறுகும் சாய்வு அதற்கு எளிதில் வராது. இன்னொன்றும் உண்டு. ஒரு சிறு கட்டையின் அடுத்தடுத்த இரு முகங்களில் சதுரங்கக் குதிரையின் இரு பக்கத் தோற்றங்களை ஒட்டி, முதல் முகத்தை வெட்டி, விழுந்த துண்டுகளை அப்படியே திரும்ப வைத்து நாடாவால் சுற்றி, கட்டையைப் புரட்டி அடுத்த முகத்தை வெட்டுவார்கள். நாடாவைப் பிரித்தால் உள்ளிருந்து முழு உருவம் வெளிவரும். வெட்டியபின்னும் கட்டை கிட்டத்தட்ட பழைய கட்டையாகவே சேர்ந்துகொள்கிறது. தின்ற மரம் அவ்வளவு குறைவு என்பதால்தான் இது நடக்கிறது.

வரைந்த கோட்டின்மேல் ஓடுவதில் கலை எங்கே இருக்கிறது என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். அச்சிட்ட படிவத்தை ஒட்டி வெட்டுபவர்களே அதிகம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் படிவம் கோட்டை மட்டுமே சொல்கிறது. மெல்லிய கிளை மரத்தின் ரேகையோடு ஓடினால் நிற்கும், குறுக்கே ஓடினால் முறியும். எந்தப் பலகையில் எந்தப் பக்கம் படிவத்தை வைப்பது என்பதை வெட்டுபவர்தான் முடிவுசெய்கிறார். எந்தக் கண்ணை முதலில் திறப்பது, எதைக் கடைசிவரை தாங்கலாக விட்டுவைப்பது என்பதும் அவர் கையில்தான். கோடே இல்லாமல் வெட்டும் மரபும் இருக்கிறது. அமெரிக்காவில் பெரும்பொருளாதாரச் சரிவு கடுமையாக இருந்த 1930களின் தொடக்கத்தில் வேலையிழந்த பலர் வீட்டில் ஸ்க்ரோல் சா வைத்து மரப் புதிர்களை வெட்டி விற்றார்கள், வாடகைக்கும் விட்டார்கள். அவர்களில் பிராங்க் வேர், ஜான் ஹென்ரிக்ஸ் என்ற இருவர் 1932இல் நியூயார்க்கில் தொடங்கிய பார் பசில்ஸ், படத்தின் நிறங்கள் பிரியும் கோட்டிலேயே வெட்டியது. நீல வானம் முடிந்து சிவப்புக் கூரை தொடங்கும் விளிம்பிலேயே பிளேடு ஓடியதால், வானத்துத் துண்டில் கூரையின் சாயலே இருக்காது. அடுத்தது எது என்று கண்டுபிடிக்க நிறம் உதவாது. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் கடற்குதிரை வடிவில் ஒரு துண்டு, அவர்களின் கையொப்பமாகக் கிடந்தது.