நிரல்படு வன்பொருளும் தன்னாக்க எண்முறைத் திரைப்படக் கேமராவும்: ஆக்சியம் பீட்டாவை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

வணிக நிறுவனங்கள் விற்கும் எண்முறைத் திரைப்படக் கேமராக்கள் பெரும்பாலும் மூடிய பெட்டிகளாகவே பயனரை அடைகின்றன. உணரி தரும் மின்குறி எவ்வாறு படமாகிறது என்பதை அறியவோ மாற்றவோ பயனருக்கு வாய்ப்பில்லை. இதற்கு மாற்றாக, நிரல்படு வன்பொருளைக் கொண்டு கேமராவைத் தாமே வடிவமைக்கும் முயற்சிகள் எழுந்தன. அவற்றுள் குறிப்பிடத்தக்கது, ஆஸ்திரியாவின் வியன்னாவை மையமாகக் கொண்ட அபெர்ட்டஸ் குழுவின் ஆக்சியம் பீட்டா கேமரா. அதன் அமைப்பை அடிப்படையாகக் கொண்டு, தன்னாக்கக் கேமராவில் தரவு கடந்து செல்லும் வழியையும், அவ்வழியில் நிரல்படு வன்பொருள் ஆற்றும் பணிகளையும், ‘திறந்த கேமரா’ என்னும் கருத்தாக்கத்தின் எல்லைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: எண்முறைத் திரைப்படக் கேமரா, நிரல்படு வன்பொருள், பட உணரி, மூலத்தரவு, திறந்த வன்பொருள், காப்புரிமை.

1. முன்னுரை

திரைப்படச் சுருளைப் பயன்படுத்திய காலத்தில் கேமரா பெரிதும் இயந்திரவியல் கருவியாகவே இருந்தது. அதனைத் திறந்து பார்த்துப் பழுதுநீக்கும் தொழில்நுட்பர் பலர் இருந்தனர். படத்தின் தன்மையைத் தீர்மானித்தவை வில்லையும் சுருளும் வேதிமுறையும் ஆகும். எண்முறைக் கேமராவில் இந்நிலை மாறியது. ஒளியைப் பெறும் உணரிக்கும் பதிவாகும் கோப்புக்கும் இடையே பல கணக்கீடுகள் நிகழ்கின்றன. நிறத்தை மீட்டல், இரைச்சலை நீக்கல், ஒளிச்செறிவின் வளைவை அமைத்தல், தரவைச் சுருக்குதல் ஆகிய அனைத்தும் கேமராவுக்குள்ளேயே முடிவு செய்யப்படுகின்றன. அம்முடிவுகளை எடுப்பவர் ஒளிப்பதிவாளர் அல்லர். கேமராவை உருவாக்கிய நிறுவனமே.

மூடிய கேமராவைத் திறக்க முயன்றோர் இரு வழிகளைக் கையாண்டனர். ஒன்று, விற்பனையில் உள்ள கேமராவின் மென்பொருளுக்கு மேல் புதிய மென்பொருளை ஏற்றுவது. கேனன் கேமராக்களுக்காக 2009இல் தொடங்கிய மேஜிக் லான்டெர்ன் இவ்வகையைச் சார்ந்தது. மற்றொன்று, கேமராவையே அடிமுதல் உருவாக்குவது. முதல் வழியில் வன்பொருளின் எல்லை மாறுவதில்லை. இரண்டாம் வழியில் அந்த எல்லையும் வடிவமைப்பாளரின் கைக்கு வருகிறது. அதற்கு அடிப்படையாக அமைந்தது நிரல்படு வன்பொருள்.

2. நிரல்படு வன்பொருள்: கருத்து விளக்கம்

எஃப்.பி.ஜி.ஏ. எனப்படும் களநிரல் வாயில் அணி, குறிப்பிட்ட எந்தப் பணிக்கும் ஆக்கப்படாத ஒரு சில்லு. சிறு தருக்க அலகுகளும் அவற்றை இணைக்கும் கம்பித்தடங்களும் அதில் நிறைந்திருக்கும். எந்த அலகு எதனுடன் இணைய வேண்டும் என்பதை வெரிலாக், வி.எச்.டி.எல். போன்ற வன்பொருள் விவரிப்பு மொழிகளில் எழுதி ஏற்றினால், அச்சில்லு அந்தச் சுற்றாகவே மாறிவிடும். வேறு விவரிப்பை ஏற்றினால் வேறு சுற்றாகும். 1985இல் ஜைலிங்க்ஸ் நிறுவனம் வெளியிட்ட எக்ஸ்.சி.2064 என்னும் சில்லில் இத்தகைய தருக்கத் தொகுதிகள் 64 மட்டுமே இருந்தன. ஆக்சியம் பீட்டாவில் பயன்படும் சிங்க் 7020 சில்லில் ஏறத்தாழ 85,000 தருக்க அலகுகளும், பெருக்கல் பணிக்கான 220 தனி அலகுகளும், இரு கருக்கள் கொண்ட ஆர்ம் செயலியும் ஒன்றாக அமைந்துள்ளன.

செயலி மட்டும் போதாதா என்னும் வினா இங்கு எழும். எளிய கணக்கொன்று இதற்கு விடை தருகிறது. 2005இல் வெளியான எண்முறைத் திரையரங்கு வரையறைப்படி 4கே சட்டகம் என்பது 4096×2160 படப்புள்ளிகள் கொண்டது. அதாவது ஒரு சட்டகத்தில் 88,47,360 புள்ளிகள் உள்ளன. நொடிக்கு 24 சட்டகம் என்றால் ஏறத்தாழ 21.2 கோடி புள்ளிகளைக் கையாள வேண்டும். சிங்க் சில்லின் செயலி நொடிக்கு 66.7 கோடி துடிப்புகளில் இயங்குகிறது. ஆகவே ஒரு புள்ளிக்குக் கிடைப்பவை ஏறத்தாழ 3 துடிப்புகள். இரு கருக்களையும் சேர்த்தாலும் 6 துடிப்புகளே. நினைவகத்திலிருந்து ஒரு மதிப்பை எடுத்துத் திருத்தி மீண்டும் எழுதுவதற்கே இது போதாது.

நிரல்படு வன்பொருள் இச்சிக்கலை வேறு முறையில் தீர்க்கிறது. அது நொடிக்கு 10 கோடித் துடிப்புகளில் மெதுவாகவே இயங்கலாம். ஆனால் ஒவ்வொரு துடிப்பிலும் பல புள்ளிகளை ஒரே நேரத்தில் ஏற்கும். இரண்டிரண்டாக ஏற்றால் 20 கோடி. அது தேவைக்குச் சற்றுக் குறைவு. நான்கு நான்காக ஏற்றால் 40 கோடி. அது தேவையைவிட மிகுதி. ஒரு சிவப்பு, இரு பச்சை, ஒரு நீலம் என நான்கு புள்ளிகளே உணரியின் நிறவடிகட்டி அணியில் ஓர் அலகு என்பதால் இப்பகுப்பு இயல்பாகவும் பொருந்துகிறது. கோடக் நிறுவனத்தைச் சேர்ந்த பிரைஸ் பேயர் வகுத்த இந்த அணிக்கு 1976இல் அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது.

3. முன்னோடி முயற்சி

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த எல்ஃபெல் நிறுவனம் தன் கேமராக்களின் வடிவமைப்பையும் எஃப்.பி.ஜி.ஏ. நிரலையும் திறந்த உரிமத்தில் வெளியிட்டு வந்தது. அபெர்ட்டஸ் குழுவின் தொடக்கக்காலப் பணி அந்தக் கேமராக்களைத் திரைப்படத்திற்கு ஏற்றவாறு பயன்படுத்துவதாகவே இருந்தது. அவற்றில் படச்சுருக்கத்தை நிரல்படு வன்பொருளே செய்தது. எனினும் அவற்றின் உணரி சிறியது. அதன் ஷட்டர் வரிவரியாக இயங்கும் உருளும் வகையைச் சார்ந்தது. திரைப்படச் சுருளின் சட்டக அளவுக்கு இணையான உணரி கிடைக்கும்வரை இக்குறைகளை நிரலால் போக்க இயலவில்லை. இதனாலேயே குழு புதிய கேமராவை வடிவமைக்கத் தொடங்கியது. 2014இல் ஆக்சியம் பீட்டாவுக்காகக் கூட்டுநிதி திரட்டப்பட்டது. 1,00,000 யூரோ என்னும் இலக்கைத் தாண்டி நிதி சேர்ந்தது.

4. ஆக்சியம் பீட்டாவில் தரவின் வழி

4.1 உணரி

பெல்ஜியத்தின் சிமோசிஸ் நிறுவனம் உருவாக்கிய சி.எம்.வி.12000 என்னும் உணரி இதில் பயன்படுகிறது. இது 4096×3072 புள்ளிகள் கொண்டது. ஒரு புள்ளியின் பக்க அளவு 5.5 மைக்ரோமீட்டர். எனவே உணரியின் அகலம் ஏறத்தாழ 22.5 மில்லிமீட்டர், இது சூப்பர் 35 சட்டகத்தை ஒத்தது. எல்லாப் புள்ளிகளும் ஒரே கணத்தில் ஒளியைப் பெறும் முழுச்சட்டக ஷட்டர் இதன் சிறப்பு. ஆகவே விரைந்து நகரும் பொருள்கள் சாய்ந்து தோன்றும் குறை இதில் இல்லை.

4.2 பிட்டுகளை ஒழுங்குபடுத்தல்

இவ்வுணரி தன் தரவை 64 இணைத்தடங்களில் வெளியிட வல்லது. ஓர் இணைக்கு இரு கம்பிகள் என 128 கம்பிகளைச் சிறிய மைக்ரோசெட் பலகையின் இணைப்பிகள் தாங்கா. எனவே 32 தடங்களே பயன்படுகின்றன. முழு உணரியையும் 12 பிட் நுட்பத்தில் நொடிக்கு 24 முறை படிக்க ஏறத்தாழ 3.6 ஜிகாபிட் தேவை. 32 தடங்களில் பகிர்ந்தால் ஒரு தடத்திற்கு 113 மெகாபிட் ஆகும். இது எளிதில் இயலக்கூடியதே.

கடினம் வேகத்தில் இல்லை, ஒழுங்கில் உள்ளது. பலகையில் ஒவ்வொரு கம்பியின் நீளமும் சற்று வேறுபடுவதால் பிட்டுகள் ஒரே கணத்தில் வந்து சேர்வதில்லை. இதற்காக உணரி, படத்தரவு இல்லாத இடைவெளியில் முன்னறிந்த பயிற்சிச் சொல் ஒன்றை அனுப்புகிறது. எஃப்.பி.ஜி.ஏ.வின் ஒவ்வொரு உள்வாயிலிலும் 32 படிகள் கொண்ட தாமத அலகு உண்டு. பயிற்சிச் சொல் பிழையின்றிக் கிடைக்கும்வரை ஒவ்வொரு தடத்திற்கும் தாமதம் தனித்தனியே மாற்றப்படுகிறது. ஒரு தடம் தவறினாலும் அது சுமக்கும் புள்ளிகள் அனைத்தும் பொருளற்ற எண்களாகிவிடும். தன்னாக்க முயற்சிகளில் முதலில் எதிர்கொள்ளப்படும் தடை இதுவே.

4.3 இரைச்சல் திருத்தம்

ஒளியே படாதபோதும் உணரியின் புள்ளிகள் சுழி மதிப்பைத் தருவதில்லை. ஒவ்வொரு நெடுவரிசைக்கும் உரிய சுற்றுகளின் வேறுபாட்டால் படத்தில் நிலையான கோடுகள் தோன்றும். வில்லையை மூடி எடுத்த பல சட்டகங்களின் சராசரியைக் கழிப்பதால் இக்கோடுகள் மறைகின்றன. 16 சட்டகங்களின் சராசரி, தற்செயல் இரைச்சலை நான்கில் ஒரு பங்காகக் குறைக்கும். ஆனால் இத்திருத்தம் ஒரே வெப்பநிலைக்கும் ஒரே ஒளிபடு நேரத்திற்குமே பொருந்தும். வணிகக் கேமராவில் பயனர் அறியாமலேயே நிகழும் இப்பணி, தன்னாக்கக் கேமராவில் ஒவ்வொரு கேமராவுக்கும் தனித்தனியே செய்யவேண்டிய அளவீடாகிறது.

4.4 நிறமீட்பும் நினைவகமும்

பதிவுக்கு மூலத்தரவே போதும். ஆயினும் ஒளிப்பதிவாளர் காண நிறப்படம் தேவை. ஒரு புள்ளியின் விடுபட்ட இரு நிறங்களை அண்டைப் புள்ளிகளிலிருந்து கணிக்க 5×5 சாளரம் ஒன்றைக் கொள்வதாயின், முந்தைய 4 வரிகளைச் சில்லுக்குள் சேமிக்க வேண்டும். ஒரு வரிக்கு 49,152 பிட் என 4 வரிகளுக்கு 1,96,608 பிட் ஆகும். சிங்க் 7020இன் உள்நினைவகம் ஏறத்தாழ 49 இலட்சம் பிட் என்பதால் இது எளிதில் அடங்கும். முழுச் சட்டகமோ 10 கோடிப் பிட்டுக்கு மேற்பட்டது. அது வெளி நினைவகத்தில்தான் தங்கவேண்டும். எதனை உள்ளே வைப்பது, எதனை வெளியே அனுப்புவது என்னும் இப்பகுப்பே கேமரா வடிவமைப்பின் மையச் சிக்கலாகும்.

4.5 பதிவு

4கே மூலத்தரவு நொடிக்கு ஏறத்தாழ 318 மெகாபைட். ஒரு மணிநேரத்திற்கு 1.15 டெராபைட். இதனை வெளியேற்ற அபெர்ட்டஸ் குழு கையாண்ட சோதனை முறை ஒன்று கருதத்தக்கது. 3840×2160 அளவுள்ள 12 பிட் மூலச் சட்டகத்தில் 9,95,32,800 பிட்டுகள் உள்ளன. எச்.டி.எம்.ஐ. வழியே செல்லும் சாதாரண 1920×1080 நிறச் சட்டகத்தில் 24 பிட் வீதம் 4,97,66,400 பிட்டுகள் உள்ளன. இது முன்னதில் சரிபாதி. ஆகவே நொடிக்கு 60 சட்டகம் செல்லும் இணைப்பில், இரு சட்டகங்களுக்குள் ஒரு மூலச் சட்டகத்தைப் பொதிந்து, நொடிக்கு 30 மூலச் சட்டகங்களை அனுப்பலாம். ஆனால் பதிவுக்கருவி ஒரு பிட்டையும் மாற்றாமல் பதிய வேண்டும். இழப்புடன் சுருக்கும் பதிவுக்கருவியில் கண்ணுக்குத் தெரியாத மாற்றமும், மீண்டும் பிரிக்கும்போது படத்தைச் சிதைத்துவிடும்.

5. திறப்பின் எல்லைகள்

ஆக்சியம் பீட்டாவின் மென்பொருள் குனூ பொது உரிமத்திலும் வன்பொருள் வடிவமைப்பு செர்ன் திறந்த வன்பொருள் உரிமத்திலும் வெளியிடப்படுகின்றன. பலகையின் வரைபடத்தையும் நிரலையும் எவரும் பெறலாம், மாற்றலாம். எனினும் இத்திறப்பு மூன்று இடங்களில் தடைப்படுகிறது.

முதலாவது, உணரி. அது ஒரு நிறுவனத்தின் சில்லு. அதன் உட்சுற்று திறந்ததன்று. அந்நிறுவனம் உற்பத்தியை நிறுத்தினால் கேமராவின் முன்பகுதியை மீண்டும் வடிவமைக்க வேண்டும். உணரிப் பலகையைத் தனி உறுப்பாகப் பிரித்து வைத்திருப்பதன் தேவை இங்கு விளங்கும்.

இரண்டாவது, தொகுப்புக் கருவி. வெரிலாக் நிரல் திறந்ததாயினும் அதனைச் சில்லுக்குரிய பிட்தொடராக மாற்றும் மென்பொருள் சில்லு நிறுவனத்திற்கே உரியது. இந்நிலை மெல்ல மாறி வருகிறது. 2015இல் லாட்டிஸ் நிறுவனத்தின் ஐஸ்40 சில்லுகளுக்கு ஐஸ்ஸ்டார்ம் திட்டத்தின் வழி முழுவதும் திறந்த கருவித்தொடர் உருவானது. ஜைலிங்க்ஸ் 7 வரிசைச் சில்லுகளின் பிட்தொடரை விளங்கிக்கொள்ளும் பிராஜெக்ட் எக்ஸ்ரே முயற்சியும் பின்னர் எழுந்தது.

மூன்றாவது, காப்புரிமை. மூலத்தரவை 2கே அல்லது அதற்கு மேற்பட்ட அளவில், நொடிக்கு ஏறத்தாழ 23 சட்டகத்திற்குக் குறையாமல் கேமராவிலேயே சுருக்கிப் பதிவதை உள்ளடக்கிய அமெரிக்கக் காப்புரிமை ரெட் நிறுவனத்திடம் உள்ளது. 2019இல் ஆப்பிள் நிறுவனம் இதனை எதிர்த்தும் காப்புரிமை வாரியம் அம்மனுவை விசாரணைக்கு ஏற்கவில்லை. 2022இல் நிக்கான் மீது ரெட் வழக்குத் தொடுத்தது. அவ்வழக்கு அடுத்த ஆண்டில் முடித்துக்கொள்ளப்பட்டது. 2024இல் நிக்கான் ரெட் நிறுவனத்தையே வாங்கியது. பெருநிறுவனங்களுக்கே இத்தனை இடர் தந்த இப்பகுதியில் தன்னார்வக் குழு துணிந்து இறங்குவது எளிதன்று. சுருக்காத மூலத்தரவை வெளிக்கருவிக்கு அனுப்பும் முறைக்குத் தொழில்நுட்பக் காரணங்களோடு சட்டச் சூழல் சார்ந்த பொருத்தமும் உண்டு என்பதை இதனால் உணரலாம்.

6. முடிவுரை

தன்னாக்கக் கேமரா விலை குறைந்த மாற்று எனக் கருதுவது பொருந்தாது. சிறு எண்ணிக்கையில் வாங்கப்படும் உணரியும் பல அடுக்குப் பலகைகளும் செலவு மிக்கவை. செலவாகும் உழைப்போ அதனினும் பெரிது. அதன் பயன் வேறு. உணரியில் விழுந்த ஒளி எந்தெந்தக் கணக்கீடுகளைக் கடந்து கோப்பானது என்பதைத் தொடக்கம் முதல் இறுதிவரை சுட்டிக்காட்ட இயலும் கேமரா அது. திரைப்படங்களைக் காக்கும் ஆவணக் காப்பகத்திற்கும், அளவீட்டை நம்பும் அறிவியல் ஒளிப்பதிவுக்கும், மின்னணுவியலையும் திரைக்கலையையும் ஒருங்கே கற்பிக்கும் வகுப்பறைக்கும் இந்தத் தெளிவு இன்றியமையாதது.

‘திறந்த கேமரா’ என்பது ஆம், இல்லை என ஒரு சொல்லில் விடையளிக்கத்தக்கதன்று என்பதும் இவ்விளக்கத்தால் பெறப்படுகிறது. உணரி, தொகுப்புக் கருவி, வடிவமைப்பு, கோப்பு வடிவம், சட்டம் என அது பல அடுக்குகளைக் கொண்டது. ஒரு கேமராவைத் திறந்தது எனக் குறிப்பிடும் ஆய்வாளர், எந்த அடுக்கு திறந்துள்ளது, எந்த அடுக்கு மூடியுள்ளது என்பதையும் உடன் குறிப்பிடுவதே முறையாகும்.