மோதிரத்துக்குள் மறைந்திருப்பது

வைர மோதிரம் என்றதும் பட்டை தீட்டி மின்னும் கல்லையே நாம் நினைக்கிறோம். மறுமலர்ச்சிக் கால ஓவியங்களிலோ வைரம் கறுப்பாகவே தீட்டப்பட்டிருக்கிறது.

அந்த வைரங்கள் பெரும்பாலும் நம் இந்தியாவிலிருந்து சென்றவை. எண்ணெயில் குழைத்த வைரத்தூளைச் சுழலும் தட்டில் தடவி, கல்லை அதில் தேய்த்தார்கள். வைரத்தை வைரம்தானே தேய்க்கும்! முதலில் படிகத்தின் கூர்நுனியை அப்படியே விட்டு மெருகிட்டார்கள்; பின்னர் நுனியைத் தேய்த்து மேசைபோல் சமமாக்கினார்கள். கல்லின் அடிப்பக்கத்தைத் தங்கத்தால் மூடி, உள்ளே கருஞ்சாயம் பூசினார்கள்.

பேரரசர் ஐந்தாம் சார்லஸ் திருத்தந்தை மூன்றாம் பவுலுக்கு அளித்த வைரத்திற்கு இப்படிச் சாயம் பூசியவர் பென்வெனுட்டோ செல்லினி. வெனிஸ் கலைஞர் ஒருவர் முன்பு பூசியதைத் தாம் விஞ்சிவிட்டதாகத் தம் வரலாற்றில் எழுதுகிறார். (தன்னடக்கம் அவரிடம் சற்றுக் குறைவுதான்!)

நம்மை அதிகம் சிந்திக்க வைப்பது ஜெர்மானியரின் இரட்டை வளையத் திருமண மோதிரம். 1631-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. சேர்த்தால் ஒரே மோதிரம். விரித்தால் கற்களுக்கு அடியில் இரு சிறு குழிகள். ஒன்றில் பச்சிளங் குழந்தை, மற்றொன்றில் எலும்புக்கூடு! திருமண நாளில் இதென்ன அபசகுனம் என்று நம்மில் பலர் முகம் சுளிப்போம். ஆனால் பிறப்பையும் இறப்பையும் அறிந்தே கைப்பிடிக்கும்படி மணமக்களை அது அழைத்தது. இத்தகைய மோதிரங்களின் வளையங்களில், திருமணப் பிணைப்பைக் குறித்து ஆண்டவர் மொழிந்த சொற்களையும் (மத்தேயு 19:6) பொறித்தார்கள். வளையங்கள் சேர்ந்திருக்கும்போது அவை வெளியே தெரிவதில்லை. அணிந்தவருக்கும் அணிவித்தவருக்கும் மட்டுமே தெரியும்.